அடைபட்ட நீருக்கு வழி திறந்தவர்கள்

19-ஆம் நூற்றாண்டு லண்டன் தெருக்களில் உயரமான தொப்பி அணிந்து நடந்த வயதான கனவான்கள் சிலரின் தொப்பிக்குள் ஒரு ரகசியம் இருந்தது. உட்பட்டையை ஒட்டி வளைத்து வைத்த மெல்லிய ரப்பர் குழாய். வேறு சிலர் அதை உள்ளே குடைந்த கைத்தடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். விருந்து வீடானாலும் ரயில் நிலையமானாலும், நாளொன்றுக்குப் பல முறை ஒதுக்குப்புறம் தேடிப் போவார்கள். குழாயைத் தாங்களே சிறுநீர்த் துவாரத்தில் செலுத்தி, தேங்கிய நீரை வடித்துவிட்டு, துடைத்து மறுபடி தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்கள். கிருமி பற்றிய அறிவு மருத்துவமனைகளுக்கே சரியாக வந்து சேராத காலம் அது. சில மாதங்களிலோ சில வருடங்களிலோ நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், சிறுநீரகங்களில் சீழ் பிடிக்கும், பிறகு மரணம். ‘கதீட்டர் வாழ்க்கை’ என்றே இதற்கு அந்நாள் மருத்துவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அந்த வாழ்க்கையைத் தொடங்கியவர் அதோடுதான் முடிவார் என்பது அவர்களுக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும்.

இத்தனைக்கும் காரணம் இளமையில் 20 கிராம் எடையுள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பையின் வாயருகே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது புராஸ்டேட். விந்தோடு சேரும் திரவத்தில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. நாற்பது வயதுக்கு மேல் அதன் உட்பகுதி மெல்ல மெல்லப் பருக்கத் தொடங்குகிறது. அறுபது வயதில் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தப் பருமன் இருக்கும், எண்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு இருக்கும். புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பருத்த சதை நடுவில் போகும் குழாயை நெருக்கும். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போக வேண்டியிருக்கும், போய் நின்றால் நீர் உடனே வராது, வந்தாலும் சொட்டுச் சொட்டாக வந்து பாதியில் நிற்கும். ஒருநாள் முழுவதுமாக அடைத்துக்கொள்ளும். அடிவயிறு கல்லாக உப்பி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மனிதர் துடிக்கும் அந்த வேதனையை அருகிலிருந்து பார்த்த குடும்பங்கள் மறப்பதில்லை.

நோய் பழையது, குழாயும் பழையது. சுசுருத சம்ஹிதை சிறுநீர்த் தடைகளை வகை பிரித்துச் சொல்கிறது. வழி திறக்க நெய் தடவிய உலோகக் குழாய்களைச் சொல்கிறது. சித்த மருத்துவத்தில் இதற்குச் சதையடைப்பு என்று பெயர். எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரைத் தோண்டியபோது, இன்றைய கதீட்டரின் வளைவையே கொண்ட வெண்கலக் குழாய்கள் கிடைத்தன. சிறுநீர்ப்பைக் கல்லால் அவதிப்பட்ட அண்ணன் ஜானுக்காக 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் வெள்ளியில் வளையும் கதீட்டர் ஒன்றைச் செய்வித்து அனுப்பினார். அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனுக்குக் கடைசிக் காலத்துத் தொல்லை புராஸ்டேட்தான். 1825-ல் அவருக்கு வைத்தியம் பார்த்த ராப்ளி டங்கிளிசனிடம் குழாய் வைத்து வழி விடுவதைத் தவிர வேறு எந்த மருந்தும் இல்லை.

அறிவு இல்லாமல் இல்லை. இத்தாலிய மருத்துவர் மோர்கானி 1761-ல் வெளியிட்ட பெருநூலில், பிணங்களை அறுத்துப் பார்த்துப் பருத்த புராஸ்டேட்டையும் அது உண்டாக்கும் அடைப்பையும் தெளிவாக எழுதிவிட்டார். சிக்கல், கை எட்டாததுதான். முன்னால் இடுப்பெலும்பு, பின்னால் மலக்குடல், மேலே சிறுநீர்ப்பை, சுற்றிலும் தொட்டால் பீறிடும் ரத்த நாளங்களின் வலை. உடம்பின் இத்தனை பாதுகாப்பான மூலையில் இருக்கும் ஒன்றை, மயக்க மருந்தும் ரத்தம் ஏற்றும் வசதியும் இல்லாத காலத்தில் யார் தொடுவார்கள்? தொட்டவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 1830-களிலிருந்து பாரிஸில் மெர்சியே, சிறுநீர்த் துவாரம் வழியாகக் கத்தி மறைத்த கருவியை விட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே தடையை வெட்டினார். 1870-களில் இத்தாலியின் என்ரிகோ போத்தினி கத்திக்குப் பதில் மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சிய உலோகத்தால் சுட்டார். சிலர் பிழைத்தார்கள்.

பிறகு ஒரு விபரீதமான அத்தியாயம் வருகிறது. விதைகளை நீக்கிய விலங்குகளுக்குப் புராஸ்டேட் சுருங்குகிறது என்பது 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஜான் ஹண்டர் காலத்திலேயே தெரிந்த செய்தி. அதைப் பிடித்துக்கொண்டு பிலடெல்பியாவின் வில்லியம் ஒயிட், 1893-ல் மனிதர்களுக்கும் அதையே செய்யலாம் என்றார். இரண்டே ஆண்டில் 111 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். பெரும்பாலோருக்குச் சுரப்பி சுருங்கியிருந்தது. ஆனால் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்கள் இழந்தது என்ன என்பதைக் கணக்கில் எழுத முடியாது. சிறுநீர் போகாத வேதனையில் இருக்கும் ஒரு முதியவர் எதற்கும் சம்மதிப்பார். அந்தச் சம்மதத்தை வைத்துக்கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற கேள்வி இந்த நோயின் வரலாறு முழுக்கக் கூடவே வருகிறது. நல்லவேளையாக அந்த வேகம் சில ஆண்டுகளில் அடங்கியது. அடங்கக் காரணமானவர்களில் முக்கியமானவர், இந்தியாவில் இருபது ஆண்டு வேலை பார்த்துவிட்டு லண்டன் திரும்பிய ஓர் ஐரிஷ்காரர்.

பீட்டர் பிரேயர் 1851-ல் அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் பிறந்தவர். 1875-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து வட இந்திய ஊர்களில் சிவில் சர்ஜனாக இருந்தார். அந்தப் பகுதியில் சிறுநீர்ப்பைக் கல் அப்போது சர்வசாதாரணம். வயிற்றைக் கிழிக்காமல், துவாரம் வழியாகக் கருவியை விட்டுக் கல்லை உடைத்து வெளியே உறிஞ்சும் முறையில் அவர் கை தேர்ந்தவரானார். நூற்றுக்கணக்கான கல் நோயாளிகளைப் பார்த்து எடுத்த அந்தத் தேர்ச்சியை எந்த லண்டன் மருத்துவமனையும் அவருக்குத் தந்திருக்க முடியாது. ராம்பூர் நவாப்புக்கு வைத்தியம் பார்த்து ஒரு லட்சம் ரூபாய் சன்மானம் பெற்றதும், அரசு ஊழியர் அவ்வளவு பெரிய தொகையை வாங்கலாமா என்று ஆட்சியாளர்களோடு மல்லுக்கட்டியதும் அந்நாளில் பெரும் பேச்சானது. 1890-களின் பிற்பகுதியில் பணியிலிருந்து விலகி, லண்டனில் சிறுநீரக நோய்களுக்கென்றே இருந்த செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார்.

1900 டிசம்பர் 1 அன்று அங்கே அவர் செய்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நோயாளி கதீட்டர் வாழ்க்கையில் இருந்த முதியவர். சிறுநீர்ப்பையில் திரவத்தை நிரப்பி உப்ப வைத்து, தொப்புளுக்குக் கீழே ஒரு கீறல். அதன் வழியாக வலக்கைச் சுட்டுவிரல் பைக்குள் இறங்கியது. இடக்கையின் விரல்கள் மலக்குடல் வழியாகப் போய்ப் புராஸ்டேட்டைக் கீழிருந்து மேலே தூக்கிக் கொடுத்தன. பைக்குள் துருத்திக்கொண்டிருந்த சதையின் மேல்தோலை நகத்தாலேயே கீறி, விரலை உள்ளே நுழைத்து, நாலாபக்கமும் நகர்த்தினார். ஆரஞ்சுப் பழத்தின் சுளைகள் தோலிலிருந்து கழன்று வருவதைப் போலப் பருத்த சதை மொத்தமாகக் கழன்று வந்தது. கத்தி பட்டது வயிற்றில் மட்டும்தான். சுரப்பியைக் கழற்றியது விரல். கைப்பழக்கம் வந்த பிறகு அந்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. ரத்தத்தை நிறுத்தத் தையல் கிடையாது; வெந்நீரால் கழுவி, பருத்த குழாய் ஒன்றை வைத்து, காயத்தைத் திறந்தே விட்டார்கள். வயிற்றுக் காயம் வழியாக வாரக்கணக்கில் சிறுநீர் கசியும். கட்டுத் துணியும் படுக்கையும் நனைந்துகொண்டே இருக்கும். அதன் பின் ஒருநாள், வருடக்கணக்காகக் குழாயை நம்பியிருந்த மனிதர் இயல்பாகச் சிறுநீர் கழித்தார்.

அடுத்த ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நான்கு நோயாளிகளைப் பற்றிய அவரது கட்டுரை வந்ததும் சண்டை மூண்டது. நியூயார்க்கின் யூஜீன் புல்லர் 1894-லேயே இதே வழியில் சதையைக் கழற்றி எடுத்திருந்தார். அந்த முறையைப் பார்த்திருந்த அமெரிக்க மருத்துவர் ரமோன் கிதெராஸ் 1900-ல் லண்டன் வந்தபோது பிரேயரிடம் அதைச் சொல்லியும் இருந்தார். பிரேயர் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவே இல்லை. தன் முறை புதியது, தான் எடுப்பது முழுச் சுரப்பி என்றே கடைசி வரை வாதாடினார். இரண்டும் சரியல்ல. முறைக்கு முன்னோடிகள் இருந்தார்கள். அவர் எடுத்ததும் முழுச் சுரப்பி அல்ல, உள்ளே பருத்த பகுதி மட்டுமே. நசுங்கிப்போன அசல் சுரப்பி ஓடாக உள்ளேயே இருந்தது. ஆயினும் அவருக்குரிய பெருமை குறையாது என்றே தோன்றுகிறது. புல்லர் செய்து பார்த்தார். பிரேயர் அதைப் பிறர் நம்பிச் செய்யும் முறையாக்கினார். நோயாளி நோயாளியாகக் குறிப்பு எழுதினார், எடுத்த சதையை எடை போட்டார், செத்தவர்களையும் மறைக்காமல் எண்ணினார். 1912-ல் ஆயிரம் நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோது இறப்பு நூற்றுக்கு ஐந்தரை அளவில் இருந்தது. ஆன்டிபயாடிக் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், அறுபதும் எழுபதும் வயதான, சிறுநீரகம் பழுதான மனிதர்களிடம் பெற்ற முடிவு அது.

அமெரிக்காவில் வேறொரு பாதை திறந்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ யங், 1902-ல் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே கீறிக் கீழ்வழியாகப் புராஸ்டேட்டை அடைந்தார். 1909-ல் வயிற்றிலும் கீறாமல் கீழேயும் கீறாமல், துவாரம் வழியாகவே ஓட்டையுள்ள குழாயை விட்டு, ஓட்டைக்குள் பிதுங்கும் சதையை உள்ளிருக்கும் கூரான குழாயால் நறுக்கி எடுக்கும் ‘பஞ்ச்’ கருவியைச் செய்தார். அந்தக் கருவியால் குணமானவர்களில் ஒருவர், வைர நகைகளும் பெருந்தீனியும் கொண்டு நியூயார்க்கையே வாய்பிளக்க வைத்த ரயில்வே சாமான் வியாபாரி ‘டயமண்ட் ஜிம்’ பிரேடி. நன்றிக்கடனாக அவர் தந்த பணத்தில் 1915-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எழுந்த பிரேடி சிறுநீரியல் நிறுவனம் இன்றும் உலகின் முதல் வரிசையில் இருக்கிறது. ஆனால் பஞ்ச் கருவியில் பழைய குறை அப்படியே இருந்தது: வெட்டுவது தெரியாது, வெட்டிய இடத்தில் பீறிடும் ரத்தத்தையும் நிறுத்த முடியாது.

பார்ப்பதற்கான வழியை ஜெர்மனியின் மாக்ஸ் நிட்சே 1870-களின் கடைசியில் காட்டியிருந்தார். பிளாட்டினக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அதன் சூடு சுடாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீரை ஓட்டி, அந்த வெளிச்சத்தில் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் அவருடையது. எடிசனின் பல்பு வந்து, அதைக் கடுகளவாகச் சுருக்கியதும் கருவி எளிதானது. நிறுத்துவதற்கான வழி மின்சாரத்தில் கிடைத்தது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் தண்ணீருக்கடியிலும் சதையைக் கருக்கும் என்று 1910-ல் நியூயார்க்கின் எட்வின் பீர் காட்டினார். 1926-ல் மாக்ஸிமிலியன் ஸ்டெர்ன் இந்த இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தார். கண்ணால் பார்த்துக்கொண்டே, வளைந்த மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சதையைச் சீவும் கருவி. அதற்கு ரிசெக்டோஸ்கோப் என்று பெயரிட்டார்.

ஆனாலும் ரத்தம் நிற்கவில்லை. அதற்குத் தீர்வு வந்தது பெருநகர மருத்துவமனையிலிருந்து அல்ல, தென் கரோலினாவின் கிரீன்வில் என்ற சிற்றூரிலிருந்து. தியோடர் டேவிஸ் மருத்துவத்துக்கு வருமுன் மின்சாரத் தொழிலோடு பழகியவர். ஒரே வகை மின்னோட்டத்தால் வெட்டவும் உறைய வைக்கவும் முயல்வதுதான் கோளாறு என்று கண்டுகொண்டார். கம்பியைத் தடிமனாக்கி, காலால் மிதிக்கும் சுவிட்ச் வைத்து, ஒரு மிதியில் வெட்டும் மின்னோட்டம், இன்னொன்றில் ரத்தத்தை உறைய வைக்கும் மின்னோட்டம் என்று பிரித்தார். 1931-ல் அவர் முடிவுகளை வெளியிட்டார். அதே சமயத்தில் நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி, முன்னோக்கிப் பார்க்கும் லென்ஸோடு கருவியைத் திருத்தி அமைத்தார். இன்று நம்மூர் மருத்துவமனைகளில் டி.யு.ஆர்.பி. என்று எழுதப்படும் அறுவை சிகிச்சை அங்கே முழு உருவம் பெற்றது. அறுவை அரங்கில் மஞ்சள், நீலம் என்று நிறம் பிரித்து வைத்திருக்கும் இரண்டு மிதிகளும் டேவிஸின் யோசனையிலிருந்து வந்தவைதான்.

கம்பியும் வெளிச்சமும் சரியானதும் தண்ணீர் எமனானது. உள்ளே தெளிவாகத் தெரிய வேண்டுமானால் விடாமல் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். உப்புக் கலந்த நீர் மின்சாரத்தைச் சிதறடிக்கும் என்பதால் வெறும் சுத்த நீரைப் பயன்படுத்தினார்கள். வெட்டுப்பட்ட நாளங்கள் வழியாக அந்த நீர் ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்தது; அறுவை நன்றாக முடிந்த நோயாளி பின்னர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1947-ல் மின்னசோட்டாவின் கிரீவி காரணத்தை விளக்கிய பிறகே கிளைசின் கலந்த நீர் வந்தது. அதுவும் முழுத் தீர்வில்லை. மிகுதியாக உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, குழப்பமும் வாந்தியும் பார்வை மங்கலும் வரும். அதனால்தான் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்து “என்ன ஊருங்கய்யா, எத்தனை பிள்ளைங்க?” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதில் அன்பும் உண்டு, வேலையும் உண்டு, பதில் குழறினால் அது முதல் எச்சரிக்கை. உப்புநீரிலேயே வேலை செய்யும் பைபோலார் கருவிகள் இந்த நூற்றாண்டில் பரவிய பிறகுதான் இந்த அபாயம் பெருமளவு விலகியது.

இந்தக் கதையில் இடம் கொடுத்தே ஆக வேண்டிய இன்னொரு பொருள் பலூன் வைத்த டியூப். உலகின் எல்லா வார்டுகளிலும் தொங்கும் யூரின் பைக்கு மறுமுனையில் இருப்பது. பிரெடரிக் ஃபோலி அதை உருவாக்கியது, புராஸ்டேட் சீவிய பின் பலூனை உப்ப வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தத்தான். 1935-ல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தில் செய்து காட்டினார். காப்புரிமை வழக்கில் அவர் தோற்றதால், உரிமை ஒரு ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த பால் ரைஷுக்குப் போய்விட்டது. டியூப்புக்கு மட்டும் ஃபோலியின் பெயர் நிலைத்துவிட்டது.

பிரிட்டன் இந்தக் கம்பி வைத்தியத்தை வெகுநாள் நம்பவில்லை. அங்கே திறந்த அறுவையே கோலோச்சியது. அதையும் ஓர் ஐரிஷ்காரரே புதுப்பித்தார். டெரன்ஸ் மில்லின், சிறுநீர்ப்பையைத் திறக்காமல், இடுப்பெலும்புக்குப் பின்னால் நேரடியாகப் புராஸ்டேட்டின் உறையைக் கீறி, கண்ணெதிரே சதையை எடுத்து, ரத்தம் வரும் இடங்களைத் தையலிட்டு மூடினார். இருபது நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1945 டிசம்பர் 1-ல் லான்செட்டில் வந்தது. பிரேயரின் முதல் அறுவைக்குச் சரியாக 45 ஆண்டு. வாரக்கணக்கில் வயிற்றில் ஒழுகும் காயம் பெரும்பாலும் பழங்கதையானது.

இந்தச் சுரப்பி ஓர் ஆட்சியையும் மாற்றியிருக்கிறது. 1963 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் மேக்மிலனுக்குத் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டது. கன்சர்வேட்டிவ் கட்சி மாநாடு பிளாக்பூலில் கூடியிருந்த வாரம். தன் அமைச்சர் புரொபியூமோ சிக்கிய விவகாரத்தில் ஏற்கெனவே தளர்ந்திருந்தவர், இது புற்றுநோயாக இருக்கும் என்று அஞ்சிப் பதவி விலக முடிவெடுத்தார். அக்டோபர் 10 அன்று அலெக் படேனோக் அறுவை செய்தார்; அதே நாளில் விலகல் செய்தி மாநாட்டில் வாசிக்கப்பட்டது. எடுத்த சதையில் புற்றுநோய் இல்லை. 18-ஆம் தேதி ராணி எலிசபெத் மருத்துவமனைக்கே வந்து அவரைச் சந்தித்தார். மேக்மிலன் அதன் பிறகு 23 ஆண்டுகள் வாழ்ந்து 92 வயதில் இறந்தார். அவசரப்பட்டதற்காகப் பின்னாளில் வருந்தினார். அடுத்த ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் டி கால் பாரிஸின் கோஷன் மருத்துவமனையில் இதே அறுவையைச் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பினார். 2024 ஜனவரியில் மன்னர் சார்லஸுக்குப் புராஸ்டேட் பருமன் சிகிச்சை என்று அரண்மனையே அறிவித்தபோது, பிரிட்டிஷ் சுகாதாரச் சேவையின் புராஸ்டேட் பக்கத்தை அன்று ஐந்து நொடிக்கு ஒருவர் திறந்து பார்த்தார்கள். தொப்பிக்குள் குழாயை மறைத்தவர்களின் நாட்டில் இது சின்ன மாற்றமல்ல.

பிரிட்டனும் கடைசியில் துவாரம் வழிக்கு வந்தது. காரணம் ஒரு இயற்பியலாளர். லிவர்பூல் சிறுநீரியல் மருத்துவர் ஜேம்ஸ் கோ கேட்டுக்கொண்டதற்கிணங்க ஹரால்ட் ஹாப்கின்ஸ் 1959-ல் ஒரு மாற்றம் செய்தார். அதுவரை குழாய் முழுக்கக் காற்று, இடையிடையே சிறு கண்ணாடி லென்ஸ். அவர் குழாய் முழுக்கக் கண்ணாடித் தண்டுகள், இடையிடையே காற்று என்று தலைகீழாக்கினார். மங்கலாகத் தெரிந்த உள்ளுறுப்பு பளிச்சென்று தெரிந்தது. இதே ஹாப்கின்ஸ்தான் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியோடு சேர்ந்து, ஒளியைக் கண்ணாடி இழை வழியே கடத்துவது பற்றி 1954-ல் நேச்சர் இதழில் எழுதியவர். ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் இரண்டையும் இணைத்துக் கருவியாக்கினார். கல்கத்தாவில் பிறந்த ஜான் பிளாண்டி, லண்டனில் ஒரு தலைமுறை மருத்துவர்களுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார். 1980-களில் டி.யு.ஆர்.பி. உலகெங்கும் முதியவர்களின் வாடிக்கையான அறுவையாகிவிட்டது.

வாடிக்கையானதுதான் அடுத்த சிக்கல். மருத்துவ ஆய்வாளர் ஜான் வென்பர்க் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கணக்கெடுத்தபோது, பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே வயது ஆண்களுக்கு அறுவை நடக்கும் விகிதம் பல மடங்கு வேறுபட்டது. நோய் ஊருக்கு ஊர் அப்படி மாறாது, மருத்துவரின் வழக்கம்தான் மாறும். 1989-ல் நோரலு ரூஸும் சகாக்களும் டென்மார்க், ஆக்ஸ்போர்டுஷயர், மனிடோபா ஆவணங்களை ஒப்பிட்டு, திறந்த அறுவையை விட டி.யு.ஆர்.பி.க்குப் பின் மறுஅறுவையும் நீண்டகால இறப்பும் அதிகம் என்று எழுதியது பெரும் புயலைக் கிளப்பியது. உடல்நலம் குன்றியவர்களையே கம்பி முறைக்குத் தேர்ந்தெடுத்ததும் காரணமாக இருக்கலாம் என்று பிறகு விளக்கினார்கள். அந்தப் புயல் ஒரு நல்ல காரியம் செய்தது. சுரப்பி எத்தனை கிராம், சிறுநீர் எவ்வளவு வேகம் என்று மட்டும் பார்த்தவர்கள், நோயாளிக்கு எவ்வளவு தொந்தரவு என்று முதல் தடவையாக முறைப்படி கேட்டார்கள். மைக்கேல் பேரி குழுவினர் உருவாக்கிய ஏழு கேள்விகள் 1992-ல் வந்தன: இரவில் எத்தனை தடவை எழுகிறீர்கள், முக்க வேண்டியிருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா? மொத்தம் 35 மதிப்பெண். இன்று எந்த ஊர் சிறுநீரியல் கிளினிக்கிலும் நர்ஸ் கையில் தரும் தாள் அதுதான். நூறு ஆண்டு அறுவைக் கதையில், கத்தியையும் கம்பியையும் விட அந்தத் தாள் முதியவர்களுக்கு அதிகம் உதவியது என்று துணிந்து சொல்லலாம்.

1995-ல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு முடிவு வந்தது. நடுத்தர அளவு தொந்தரவுள்ள 556 பேரில் பாதிப் பேருக்கு டி.யு.ஆர்.பி., மறுபாதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும். மூன்று ஆண்டில் சிகிச்சை பலிக்காமல் போனவர்கள் அறுவைப் பக்கம் 23, காத்திருந்த பக்கம் 47. அறுவை நன்றாக உதவுகிறது. காத்திருந்தவர்களிலும் பெரும்பாலோர் கெட்டுப்போகவில்லை.

அதே காலத்தில் மாத்திரைகளும் வந்து சேர்ந்தன. ஜெருசலேமில் மார்கோ கெய்ன் 1970-களில், புராஸ்டேட்டின் தசை இறுக்கத்தைத் தளர்த்தினாலே நீர் வழி விடுகிறது என்று காட்டினார்; இன்றைய ஆல்ஃபா பிளாக்கர்கள் அந்த வழியில் வந்தவை. இரண்டாவது மருந்தின் கதை டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. பெண் குழந்தைகளைப் போலப் பிறந்து பருவ வயதில் ஆண்களாக வளர்ந்த சிலரைப் பற்றி ஜூலியன் இம்பெராடோ-மெக்கின்லி 1974-ல் எழுதினார். டெஸ்டோஸ்டிரோனை வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு. வளர்ந்த பின்னும் அவர்கள் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் பினாஸ்டிரைடு 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒயிட் 1893-ல் விதைகளை அறுத்துச் செய்யப் பார்த்ததை, எதையும் அறுக்காமல் ஒரு மாத்திரை பெருமளவு செய்தது. 1990-களில் அமெரிக்காவில் டி.யு.ஆர்.பி. எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுந்தது.

அறுவை அரங்கு இதனால் காலியாகிவிடவில்லை. மாத்திரை பலிக்காதவர்கள், முழுவதும் அடைத்துக்கொண்டவர்கள், பையில் கல் சேர்ந்தவர்கள், சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்கள் அங்கே வந்தே தீர வேண்டியிருந்தது. அவர்களுக்காகப் புதுப்புது முறைகள் வந்தன, சில வந்த வேகத்தில் போயின. 1980-களில் பலூனை விட்டு உப்ப வைத்துப் புராஸ்டேட்டை விரிக்கும் முறைக்குப் பெரும் ஆரவாரம்; விரிந்தது மறுபடி சுருங்கியதும் ஆரவாரமும் அடங்கியது. நிலைத்தவற்றில், சுரப்பியின் இரு மடல்களையும் சிறு கொக்கிகளால் இழுத்துப் பிடிக்கும் யூரோலிஃப்ட், நீராவியால் சதையைச் சுருக்கும் ரெசூம், கணினி வழிகாட்ட நீர்த்தாரையால் சதையைச் செதுக்கும் அக்வாப்ளேஷன், தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியே போய்ச் சுரப்பிக்கு வரும் ரத்தத்தை அடைக்கும் முறை ஆகியவை இருக்கின்றன. டி.யு.ஆர்.பி.க்குப் பின் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடுகிறது. அது வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு யூரோலிஃப்டும் ரெசூமும் பொருந்துகின்றன. அதற்கு ஈடாக, சில ஆண்டுகளில் மறுபடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு கூடுதல்.

எல்லாவற்றிலும் ஆச்சரியமானது பிரேயரின் முறை திரும்பி வந்ததுதான். 1990-களில் நியூசிலாந்தின் தவுரங்கா ஊரில் பீட்டர் கில்லிங்கும் மார்க் பிரவுன்டார்ஃபரும் ஹோல்மியம் லேசரைக் கையில் எடுத்தார்கள். முதலில் கம்பிக்குப் பதிலாகச் சீவிப் பார்த்தார்கள், நேரம் பிடித்தது. பிறகு, பருத்த சதைக்கும் அசல் சுரப்பியின் ஓட்டுக்கும் இடையே விரல் நுழைந்த அதே இடைவெளியில் லேசரை நுழைத்தார்கள். சதை மொத்தமாகக் கழன்று சிறுநீர்ப்பைக்குள் விழுந்தது. அதை வெளியே எடுக்க, உள்ளேயே அரைத்து உறிஞ்சும் மார்செலேட்டர் என்ற கருவியைச் சேர்த்தார்கள். ஹோலெப் என்ற பெயரில் இன்று சென்னையிலும் கோவையிலும் விளம்பரப் பலகைகளில் காணும் முறை இதுதான். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 30 கிராமுக்குக் கீழே உள்ள சுரப்பிக்குச் சின்னக் கீறல் போதும், 30 முதல் 80 வரை டி.யு.ஆர்.பி., அதற்கு மேல் சதையைக் கழற்றி எடுப்பது என்று பொதுவாகப் பிரிக்கின்றன. முன்பு வயிற்றைத் திறந்தே தீர வேண்டியிருந்த 100, 150 கிராம் சுரப்பிகள் இப்போது கீறலே இல்லாமல் வெளியே வருகின்றன.

டி.யு.ஆர்.பி. முடிந்து வார்டுக்கு வரும் நோயாளியின் தலைக்கு மேலே பெரிய சலைன் பைகள் தொங்கும்; மூன்று வழி டியூப்பில் ஒரு வழியே உப்புநீர் உள்ளே இறங்க, மற்றொரு வழியே வெளியேறி யூரின் பையில் விழும். முதல் நாள் அந்த நீர் சிவப்பு, பிறகு வெளிர் ரோஜா, பிறகு தெளிவு. அந்த நிறத்தைப் பார்த்தே நர்ஸ் சலைனைக் கூட்டியும் குறைத்தும் வைக்கிறார். ஹோலெப்பில் ரத்தம் குறைவு, பெரும்பாலும் மறுநாளே டியூப்பை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் லேசர் கருவியின் விலை அதிகம். ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைத் தவறாமல் பிடிக்கும் பழக்கம் வர, தேர்ந்தவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒரு மருத்துவர் பல பத்து அறுவைகளைச் செய்தாக வேண்டும். அதனால் அரசு மருத்துவமனைகளிலும் சிறு நகரங்களிலும் பெரும்பாலான முதியவர்களுக்கு நீர் வழி திறப்பது இன்னும் அந்த வளைந்த கம்பிதான்.